ஜாஸ்பின் சொன்ன ம்

கேள்வி வந்து நிற்கிறது, நான் இன்னும் எதையும் அமுக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. இந்த டிஸ்கில் ஏற்கெனவே என்னவோ இருக்கிறது, அதன் பெயர் கணக்கு, பரவாயில்லையா, மேலே போகவா என்று இங்கிலீஷில் கேட்கிறது. பக்கத்தில் சின்ன y, பெரிய N. கீழே ஒரு கோடு மினுங்குகிறது, அணைகிறது, மினுங்குகிறது. அதையே பார்த்தால் தலை வலிக்கிறது. கம்ப்யூட்டர் கடைக்குள் காற்றே இல்லை, ஃபேன் சுற்றுகிறது என்று பெயர், இருக்கிற சூட்டைக் கலக்கி நம் மேலேயே ஊற்றுகிறது. சாப்பிட்ட சோறு தொண்டை வரை நிற்கிறது. ஒரு எழுத்து அமுக்கினால் முடிந்தது, அக்காவின் லேப்டாப் காலி, அத்தான் எடுத்துக்கொண்டு போய்விடுவார், நான் மேஜையில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடலாம். கடை முதலாளி அண்ணாச்சி இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அவர் கோவில்பட்டிக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கிறார். அவர் எப்போதும் கட்டளையோடு ஒரு பெரிய F சேர்த்துத்தான் அடிப்பார், அதைப் போட்டால் மெஷின் வாயைத் திறக்காது, சொன்னதைச் செய்துவிட்டு வந்து நிற்கும். கேள்வி கேட்டுட்டே இருந்தா கடைய எப்படிட்டி நடத்த என்பார். நானும் தினமும் அப்படித்தான் அடிக்கிறேன். இன்றைக்கு ஏன் அந்த F-ஐப் போடவில்லை? மறந்தேனா, விட்டேனா, எனக்கே தெரியவில்லை. இந்த எழுத்துகளை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது. ஒரு டூலில் சின்ன f என்றால் கேட்காமல் செய் என்று அர்த்தம். இன்னொன்றில் அதே சின்ன f என்றால் சீக்கிரம் செய், அதில் பெரிய F தான் கேட்காமல் செய். மூன்றாவதில் f என்றால் ஏதோ எண்ணிக்கை. இன்னொன்று இருக்கிறது, அது எதுவுமே கேட்காது, பேரைச் சொன்னால் போதும், சுத்தமாகத் துடைத்துவிடும். எல்லாம் ஒரே வேலைதான் செய்கின்றன, டிஸ்கை அழிக்கிற வேலை. எழுதினவர்கள் ஒரு இடத்தில் உட்கார்ந்து, ஏ, f-ன்னா என்ன, எல்லாருக்கும் ஒண்ணா வச்சுக்கிடுவோமா என்று பேசியிருக்க வேண்டாமா. யாரும் பேசவில்லை. அவரவர் வீட்டு வழக்கம் அவரவருக்கு.

“என்ன எஞ்சினியரம்மா, முடிஞ்சிட்டா?” என்கிறார் அத்தான். அத்தான் என்றால் அக்கா ஜாஸ்பினின் வீட்டுக்காரர், ஜெபசிங். வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காய பஜ்ஜி தின்றுகொண்டு போனில் கிரிக்கெட் பார்க்கிறார், சட்டையில் மேல் பட்டன் ரெண்டும் திறந்து கிடக்கிறது. எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். அது கீபோர்டு பக்கத்தில் எண்ணெய் கசிந்துகொண்டு கிடக்கிறது. “ஓடிட்டிருக்கு அத்தான்” என்கிறேன். பொய். எதுவும் ஓடவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. “பதினொண்ணாப்போட படிப்ப விட்டவளுக்கு என்ன சோலி ஓடுது பாரு. எந்தம்பி பாலிடெக்னிக்கு, அவனுக்கு இந்தக் கறுப்புத் திரையக் கண்டாலே பயம்” என்று சிரிக்கிறார். தம்பிக்குத்தான் இந்த லேப்டாப். அண்ணாச்சி எல்லாருக்கும் லினக்ஸ்தான் போட்டுக் கொடுப்பார், அத்தானும் அதையே போடு கொழுந்தியா என்று சொல்லிவிட்டார். அதுல ஒண்ணும் கெடையாது, பழைய வீடியோ, அவ வேண்டியத எல்லாம் எடுத்துட்டுத்தான போனா. அப்படியும் சொன்னார். அக்கா எடுத்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். அவள் அந்த வீட்டை விட்டு வந்த அன்று நான்தான் பஸ் ஸ்டாண்டில் போய்க் கூட்டி வந்தேன். ஒரு தோள்பை. அதில் ரெண்டு சுடிதார், சர்டிபிகேட் ஃபைல், தலைவலித் தைலம். லேப்டாப் எங்கக்கா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவள் முகம் அப்படி இருந்தது, தூங்கி எழுந்த முகமும் இல்லை, அழுத முகமும் இல்லை, துடைத்த பலகை மாதிரி. இப்போது அந்த லேப்டாப் என் முன்னால். அத்தான் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் யாரையும் அடித்ததில்லை. என்னிடம் எப்போதும் சிரித்துப் பேசுவார், வரும்போது எதையாவது வாங்கி வருவார். அவரிடம் பதில் சொல்லச் சொல்ல ஆள் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிப் போகும், அவ்வளவுதான். அக்கா அப்படித்தான் ஆனாள்.

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. அத்தான் பஜ்ஜி வாங்கப் போன நேரம் பின்பக்கம் பேட்டரி வைத்திருக்கிற மூலையில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் மிக்சி சத்தம், அம்மா என்னவோ கேட்கிற சத்தம். அக்கா, அத்தான் ஒன் லேப்டாப்பக் கொண்டாந்திருக்காவ, தம்பிக்குக் குடுக்கணுமாம், ஃபார்மட் போட்டா உன் கணக்குப் பாடம் எல்லாம் அழிஞ்சிரும், அழிச்சிரவா என்று மூச்சு விடாமல் கேட்டேன். ம் என்றாள். அவ்வளவுதான். அப்புறம் அம்மா கூப்பிட்டாள், போன் நின்றது. அந்த ம்மை வைத்துக்கொண்டுதான் அப்போதிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ம் என்றால் சரி. ம் என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல். ம் என்றால் எனக்குக் களைப்பாக இருக்கிறது, விடு. இதில் எது? மெஷினில் y-க்குப் பக்கத்தில் ம் கிடையாது. y அமுக்கினால் சரி, வேறு எதை அமுக்கினாலும், வெறும் என்டரைத் தட்டினாலும்கூட, இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் N பெரிசாக இருக்கிறது. பேசாமல் இருப்பவன் வேண்டாம் என்கிறான், அப்படி அதை எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, எங்கள் வீட்டில் நேர்மாறு. எங்கள் வீட்டில் y தான் பெரிசு. பேசாமல் இருந்தால் சரி, தலையைக் குனிந்தால் சரி, அழுதால் சந்தோஷத்தில் அழுகிறாள், அதுவும் சரி.

அக்காவின் ம்மெல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரே கட்டில், அவள் சுவர்ப்பக்கம், நான் இந்தப்பக்கம். அவள் மடியில் அட்டையை வைத்துக் கணக்குப் போடுவாள். நான் பள்ளிக்கூடக் கதை எல்லாம் சொல்வேன், எந்த மிஸ் யாரைக் கிள்ளினாள், எவள் எவனுக்கு லெட்டர் கொடுத்தாள். ம், ம், ம். நடுவில் சோதிப்பேன், அக்கா நான் செத்துப்போனேன் என்பேன், அதற்கும் ம். பிறகு பென்சிலை நிறுத்திவிட்டு, என்னட்டி சொன்ன என்று திரும்புவாள். அப்போது ரெண்டு பேரும் சிரிப்போம். கணக்கு வந்துவிட்டால் அவள் ம் நீளமாக வரும், ஒரு ராகம் மாதிரி, அது சந்தோஷ ம். வயிற்றுவலி ம் மூக்கில் வரும். அம்மா திட்டும்போது வருகிற ம் உதட்டைத் திறக்காமலே, வெளியே கேட்காது, தொண்டை மட்டும் அசையும். இன்று போனில் வந்தது எது என்று எத்தனை தரம் காதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன், மிக்சி சத்தம்தான் வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றும் நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். பாஸ்டர் ஐயா நடுவில் உட்கார்ந்து, ஜெபம் முடித்து, மகளே ஒனக்கு சம்மதமாம்மா என்று கேட்டார். நல்ல குரலில்தான் கேட்டார். அக்கா குத்துகிற ஹேர்பின் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள், கை தலைக்குப் பின்னால் இருந்தது. ம் என்றாள். அம்மா உடனே, சொல்லிட்டா என்றாள். அப்பா கண்ணைத் துடைத்தார். அந்தப் பக்கத்துப் பெரியம்மா குலவை போடாத குறை. காபி வந்துவிட்டது. எனக்கு அது கேட்டுக்கொண்டிருக்கிறேன் ம் மாதிரித்தான் பட்டது, மேலே சொல்லுங்க என்கிற ம். அவள் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள். அடுத்த கேள்வி வரவில்லை. ஒரு கேள்விதான் வைத்திருந்தார்கள்.

சே, கால் மரத்துப் போகிறது. காலை மாற்றிப் போடுகிறேன். வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிறது, அந்தப் பாட்டுச் சத்தம் மண்டைக்குள் போகிறது. அத்தான் போனில் யாரோ அவுட். “தூ, இவனெல்லாம்” என்கிறார். அத்தான் வீட்டில் அக்கா முதலில் மாட்டினது ஒரு வார்த்தையில். பாத்துக்கலாம் என்கிற வார்த்தை. எங்கள் வீட்டில் அம்மா பாத்துக்கலாம் என்றால் வேலை முடிந்த மாதிரி. ஸ்கூல் டூருக்குப் போகட்டுமா, பாத்துக்கலாம், அவ்வளவுதான், பையை எடுத்து வைக்கலாம். அக்கா தன் மாமியாரிடம், அத்தை நான் பக்கத்து ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேலைக்குக் கேட்டிருக்கேன், வரச் சொல்லுதாங்க, போகட்டுமா என்று கேட்டாள். மாமியார், பாத்துக்கலாம்மா என்றாள். அக்கா காலையில் எழுந்து, சமைத்து வைத்து, சேலை கட்டி, டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றாள். எங்கம்மா கெளம்பிட்ட என்று வீடே கூடிவிட்டது. அந்த வீட்டில் பாத்துக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தமாம். இது கூடத் தெரியாத பிள்ளையா என்று அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அக்கா சேலையை அவிழ்த்து மடித்து வைத்திருப்பாள், அந்த டிபன் பாக்ஸைத் திறந்து அவளே மத்தியானம் சாப்பிட்டிருப்பாள், அது அன்றைக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது. அதற்கப்புறம்தான் அவள் லேப்டாப்பில் பாடம் பதிய ஆரம்பித்தாள். வெளியே போகவில்லை, யாருக்கும் தொந்தரவில்லை. அறைக்குள் உட்கார்ந்து, ஒரு பேனா மாதிரி ஒன்று வைத்துத் திரையில் எழுதிக்கொண்டே பேசுவாள். பத்தாம் வகுப்பு வடிவியல், முக்கோணம், வட்டம், தொடுகோடு. நெட்டில் போடுவதற்கு முன்னால் எல்லாம் முடியட்டும், ஒரு பாடமும் விடாமல் முடித்துவிட்டுப் போடுகிறேன் என்றாள். அதனால் இதைத் தவிர வேறு எங்கேயும் இல்லை. அந்தக் கணக்கு என்கிற பெயர் அவள் வைத்தது.

அழித்தால் அழியட்டும் என்று அவள் நினைத்திருக்கவும் கூடும், அதுதான் கஷ்டம். இந்த அழிக்கிற வேலைக்கு முன்னால், அத்தான் பார்க்காத நேரம், காதில் வைத்து ஒன்றைக் கேட்டேன். கடைசியாகப் பதிந்தது. அக்கா குரல் வருகிறது, சரி பிள்ளைங்களா, இப்ப இந்தப் புள்ளியிலேருந்து வட்டத்துக்கு ரெண்டு தொடுகோடு வரையலாம் என்கிறாள், நல்ல குரல், எனக்குத் தெரிந்த குரல். பின்னால் கதவு திறக்கிற சத்தம். யாருகூடட்டி பேசிட்டிருக்க, வீட்டுல ஆளே இல்லாம பிள்ளைங்களா பிள்ளைங்களான்னு, பைத்தியமா புடிச்சிருக்கு. சிரிப்போடுதான் வருகிறது அத்தான் குரல், திட்டும் குரல் இல்லை. கதவு மூடுகிறது. கொஞ்ச நேரம் வெறும் காற்று. பிறகு அக்கா, சரி பிள்ளைங்களா என்று மறுபடி ஆரம்பிக்கிறாள், குரல் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது, தொடுகோட்டை முடிக்காமலே நின்றுவிடுகிறது. இதை எல்லாம் எதற்கு வைத்திருக்க வேண்டும்? நானாக இருந்தால் எரித்திருப்பேன். அப்படியென்றால் அந்த ம் நிஜமான சரியாக இருக்கலாம். துடைத்துவிடு, எனக்கு வேண்டாம், முடிந்தது. அப்படி இருந்து நான் அழிக்காமல் விட்டால் நானும் அவள் சொன்னதைக் கேட்காத இன்னொரு ஆள். அப்படி இல்லாமல் இருந்து நான் அழித்தால்? அழித்தது திரும்பாது என்று இல்லை, சில நேரம் திரும்பும், அண்ணாச்சி ஒரு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார். பாதி வரும். பேர் இல்லாமல் வரும், குரல் இருக்கும் படம் இருக்காது. காப்பி எடுத்துவிட்டுச் செய் என்று யாரும் சொல்வார்கள். காப்பி எடுக்கிற பெரிய டிஸ்க் அண்ணாச்சி பையில் கோவில்பட்டிக்குப் போயிருக்கிறது. இருந்தாலும் அது ஒரு ஏமாற்றுவேலை. அக்காவுக்கு ஒரு முடிவு இருந்தால் அதைத் திருடி என் டிராயரில் ஒளித்து வைக்கிற மாதிரி.

நல்லா யோசிச்சியா, நல்லா யோசிச்சியா. நான் ஸ்கூலில் டிசி வாங்கும்போது ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டாள். முன்னால் நின்றவளிடமும் அதே குரலில்தான் கேட்டாள், அவள் ஊர் மாறிப் போகிறவள். கேட்டுக்கொண்டே சீல் குத்தினாள். யோசிச்சேன் மிஸ் என்றேன், யோசிக்கவில்லை, பரீட்சை என்றால் கை நடுங்கும், அதைச் சொல்ல அங்கே இடம் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டால் பதில் தானாக வந்துவிடுகிறது, காதுக்கே போவதில்லை. அண்ணாச்சி அந்தக் கேள்வி வருகிற மற்ற இடங்களில் எல்லாம் படிக்காமலே y, y, y என்று தட்டுவார். அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்ததும் தெருவே வந்து கேட்டது, நல்லா யோசிச்சியாம்மா. அப்பா கேட்டார், பெரியப்பா கேட்டார், பாஸ்டர் ஐயா பைக்கில் வந்து கேட்டார். போகும்போது ஒரு கேள்வி, வரும்போது இத்தனை. எல்லாருக்கும் அவள் ம் என்றாள். எல்லாரும் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்கள். பெரியப்பா அவள் திரும்பிப் போகச் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா அவள் எப்போதும் இங்கேயே இருப்பாள் என்று நினைக்கிறாள். நான் இந்த ம்மைக் கையில் வைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நானும் அந்த வரிசையில்தானே. போனில் நான் கேட்ட லட்சணம் என்ன? மூச்சு விடாமல் ஒரே இழுப்பில், அவள் நடுவில் ஒரு வார்த்தை வைக்க இடமில்லாமல். அப்படிக் கேட்டால் ம்தான் வரும். ஒரு பெரிய கம்பெனிக்காரன் டிஸ்குக்குப் பாஸ்வேர்டு பூட்டுப் போட்டு வாங்கினபோது ஒரு டூல் பார்த்தேன், அது y எடுத்துக்கொள்ளாது. YES என்று மூன்று எழுத்தும், எல்லாம் பெரிய எழுத்தில் அடித்தால்தான் நகரும். அண்ணாச்சி அதை மூதேவி என்று திட்டினார். எனக்கு அதைப் பிடித்திருந்தது. உன் வாயால் முழுசாகச் சொல் என்று அது நிற்கிறது.

“ஏ கொழுந்தியா, என்ன ஆடாம அசையாம இருக்கு? தூங்கிட்டியா மெஷின் தூங்கிட்டா?” என்கிறார் அத்தான். போனை எடுத்து அவர் முன்னாலேயே அக்காவைக் கூப்பிடுகிறேன். கை எண்ணெயாக இருக்கிறது, எப்போது பஜ்ஜியைத் தொட்டேன் என்று தெரியவில்லை. மணி அடிக்கிறது, அடிக்கிறது.

“என்னட்டி?”

“மிக்சிய நிறுத்தச் சொல்லு.”

“நிறுத்தியாச்சி. என்ன?”

“அப்பம் கேட்டேன்லா, அழிச்சிரவான்னு. காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“நீ ம்னு சொன்ன. அது என்ன ம்?”

போனில் அவள் மூச்சு மட்டும்.

“தெரியலட்டி” என்கிறாள். “யாராச்சும் கேட்டா அதுதான் வாயில வருது.”

“அத நான் எடுத்துக்கிட மாட்டேன். அழின்னு சொல்லு, இல்ல அழிக்காதன்னு சொல்லு. எதச் சொன்னாலும் செய்யுதேன். நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன். மெதுவாச் சொல்லு, எனக்கு ஒரு சோலியும் இல்ல.”

அத்தான் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் ஃபேன் கிறீச்சிடுவது போனுக்குள் அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். இவ்வளவு நேரம் யாரும் என் பதிலுக்குக் காத்திருந்ததில்லை, நானும் யார் பதிலுக்கும் காத்திருந்ததில்லை, இது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

“அங்கதான் நிக்காவளா?” என்கிறாள்.

“ஆமா. பஜ்ஜி தின்னுதாவ.”

அவளுக்குச் சிரிப்பு வருகிறது, மூக்கு வழியாக, ஒரு சின்னச் சிரிப்பு. அது அடங்கினதும் குரல் வேறு.

“அழிக்காத.”

“சரி.”

“அழிக்காத ரோஸ்லின். அதுல ஒரு பாடம் பாதியில நிக்கி. அது என்னோடது, யாருக்கும் குடுக்காத. நான் வாரேன்.”

“இங்கயா?”

“செருப்ப மாட்டிட்டேன்” என்கிறாள். பின்னால் அம்மா, எங்கட்டி, எங்கட்டி போற, என்கிறாள். கதவு சத்தம். போன் நிற்கிறது.

நான் லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, கேள்வியோடேயே அணைக்கிறேன்.

அத்தான் பொட்டலக் காகிதத்தில் கையைத் துடைக்கிறார். “யாரு, ஜாஸ்பினா? அவட்ட எதுக்குட்டி கேட்ட? நாந்தான் சொல்லிட்டேன்லா. ஒன்ன யாரு கேக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல அத்தான், நானா கேட்டேன். அழிக்கக் கூடாதுங்கா. வந்துகிட்டிருக்கா, உக்காருங்க.”

“வந்து என்ன சொல்லப் போறா?”

“தெரியாது.”

அவர் உட்காரவில்லை. வாசலுக்குப் போய் ரோட்டின் ரெண்டு பக்கமும் பார்க்கிறார். திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல், சட்டையின் மேல் பட்டன் ரெண்டையும் போட்டுக்கொள்கிறார்.